அறுவை மருத்துவத்தில் தொழிலறமும் சகாக்களின் மௌனமும்

அறுவை சிகிச்சைக்கு உட்படும் மனிதர், மயக்க மருந்து உடலில் ஏறிய கணத்திலிருந்து தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பதைக் காணவோ தடுக்கவோ இயலாதவராகிறார் என்பதே, மருத்துவத்தின் ஏனைய துறைகளிலிருந்து அறுவை மருத்துவத்தின் அறச் சிக்கல்களை வேறுபடுத்தும் அடிப்படை உண்மையாகும். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர் மீது ஐயம் எழுந்தால் நோயாளி அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொருவரிடம் போகலாம். அகற்றப்பட்ட கருப்பையையோ சிறுநீரகத்தையோ அவ்வாறு திரும்பப் பெற முடியாது. எனவே அறுவை அரங்கில் நடப்பவற்றுக்கு நோயாளியின் சார்பில் யார் சாட்சி என்னும் கேள்வி இத்துறையின் தொழிலறத்தில் எப்போதும் முன்நிற்கிறது. மரபாக இக்கேள்விக்கு அறுவை மருத்துவரின் மனச்சான்று, நீதிமன்றம், மருத்துவக் கவுன்சில் ஆகிய மூன்றும் விடைகளாகச் சொல்லப்பட்டு வந்துள்ளன. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் வெளிவந்த பெரும் முறைகேடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இம்மூன்றும் காலம் கடந்தே விழித்துக்கொண்டன என்பதும், அதே அரங்கில் அருகில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே உண்மையை அறிந்திருந்தனர் என்பதும் தெரியவருகின்றன.

அறுவைக்கு முன் நோயாளியின் இசைவைப் பெற வேண்டும் என்னும் கோட்பாடு இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டிருப்பினும், அதன் உள்ளடக்கம் ஒரு நூற்றாண்டாக மாறிக்கொண்டே வந்துள்ளது. மயக்க நிலையில் பரிசோதனை செய்ய மட்டும் இசைந்த பெண்ணின் கட்டியை மருத்துவர் அகற்றிவிட்டதாக எழுந்த வழக்கில், 1914இல் நியூயார்க் மாநில நீதிமன்றம் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என நிலைநாட்டியது. இசைவு தந்தால் மட்டும் போதாது, எதற்கு இசைகிறோம் என்பதை அறிந்து தர வேண்டும் என்னும் கருத்து 1957இல் கலிஃபோர்னிய நீதிமன்றத் தீர்ப்பொன்றில் உருப்பெற்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட போலம் தீர்ப்போ வேறு திசையில் சென்றது. பொறுப்புள்ள மருத்துவர் குழுவொன்று சரியென ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றியவர் கவனக்குறைவுக்குக் குற்றவாளி ஆகார் என அது கூறியதால், நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதையும் மருத்துவர்களின் வழக்கமே தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. இந்நிலை பிரிட்டனில் 2015இல்தான் முடிவுக்கு வந்தது. நீரிழிவு கொண்ட தாய் ஒருவருக்கு, இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளக்கூடிய ஆபத்து 9 முதல் 10 விழுக்காடு இருந்தும் அது சொல்லப்படாமல் போக, குழந்தை மூளைவாதத்துடன் பிறந்த மான்ட்கோமரி வழக்கில், அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமெனக் கருதும் ஆபத்துகள் அனைத்தும் சொல்லப்பட வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது.

இந்தியாவின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நீடித்த இரத்தப்போக்குக்காக 1995இல் டெல்லியில் மருத்துவரை நாடிய 44 வயதுப் பெண், உள்நோக்கிக் கருவி மூலம் நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டுமே கையெழுத்திட்டிருந்தார்; அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த முதிய தாயிடம் இசைவு பெற்றுக்கொண்டு, அவருடைய கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த நோயாளி கண்விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும் என்றும், தாயின் இசைவு மகளின் இசைவு ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்து, மருத்துவர் கட்டணம் கோர முடியாது எனக் கூறியதுடன் 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. தொகை சிறிதெனினும் நெறி தெளிவானது. ஆனால் அதே தீர்ப்பு, இந்திய நோயாளிகளில் பெரும்பாலோர் வறியவர்கள், கல்வியறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்களை விளங்கிக்கொள்ள இயலாதவர்கள் என்று காரணம் காட்டி, அமெரிக்க நெறியை ஏற்காமல், எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவர்களின் பொது வழக்கத்துக்கே விட்டது. இந்தக் காரணம் ஏற்புடையதன்று. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் தம் நிலத்தை விற்பதில் உள்ள இலாப நட்டத்தைப் புரிந்துகொள்கிறார். அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லும் பொறுப்பு கூடுகிறதே தவிர, சொல்லாமல் விடும் உரிமை எவருக்கும் பிறப்பதில்லை.

நடைமுறையில் ஒப்புதல் எவ்வாறு பெறப்படுகிறது என்பது எந்த நகரத்து மருத்துவமனையிலும் காணக்கூடியதே. அறுவைக்கு முந்தைய இரவு, பணிமாறும் நேரத்தில், செவிலியரோ பட்டமேற்படிப்பு மாணவரோ ஆங்கிலத்தில் அச்சிட்ட பல பக்கப் படிவத்தைக் கொண்டுவந்து, பெருக்கல் குறியிட்ட இடங்களைக் காட்டுகிறார். நோயாளி பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் கணவரிடமே பேனா நீட்டப்படுகிறது. மயக்க மருந்துக்கு, இரத்தம் ஏற்றுவதற்கு, தேவைப்பட்டால் வேறு அறுவை செய்வதற்கு என எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கப்படுகிறது. படிவத்தில் அறுவையின் பெயர் எழுத வேண்டிய கோடு சில வேளைகளில் பின்னரே நிரப்பப்படுகிறது. கத்தியைப் பிடிக்கப் போகும் மருத்துவர் இந்த உரையாடலில் இருப்பதே இல்லை. மருத்துவரை வழக்கிலிருந்து காக்கும் தாளாக அது மாறிவிட்டதால், அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும், மாற்றுச் சிகிச்சை என்ன என்னும் இரு கேள்விகள், எல்லாவற்றினும் முதன்மையானவை எனினும், அதில் இடம்பெறுவது அரிது.

ஒப்புதலைவிட ஆழமான சிக்கல் அதற்கும் முன்னால், அறுவை தேவைதானா என்னும் முடிவில் இருக்கிறது. கைத்திறனில் குறையில்லாத, தொற்று ஏற்படாத, நோயாளி நலமாக வீடு திரும்பிய அறுவையும் தேவையற்றதாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட தவறு எந்த இறப்புக் கணக்கிலும் சேராது. இந்தியாவில் இதற்கு மிகுதியும் ஆளானது ஏழைப் பெண்களின் கருப்பை. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஒவ்வோர் அறுவைக்கும் நிலையான தொகையை மருத்துவமனைக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, வெள்ளைப்படுதலுக்கும் அடிவயிற்று வலிக்கும் கூட, விட்டால் புற்றுநோயாகும் என அச்சுறுத்தி, நாற்பது வயதை எட்டாத பெண்களின் கருப்பை அகற்றப்பட்டதாகப் பல மாநிலங்களிலிருந்து புகார்கள் எழுந்தன. 2007இல் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில், பின்னர் அரசே இந்த அறுவையைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவை பற்றி 2013இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளையும் கண்காணிப்புக் குழுக்களையும் மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. வழக்கு தொடுக்கப்பட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இச்சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கே கரும்பு வெட்டும் தொழிலாளர்களைக் கணவனும் மனைவியுமாக இணைத்தே ஒப்பந்தக்காரர்கள் அமர்த்துகின்றனர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் தண்டம் பிடிக்கப்படுகிறது. மாதவிடாயும் வலியும் வருமான இழப்பாகின்றன. 2019இல் மாநில அரசு அம்மாவட்டத்தில் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்களாக இருந்தனர். இங்கே பெண்களே வந்து கேட்டார்கள், கையெழுத்திட்டார்கள் என மருத்துவர் சொல்லக்கூடும். சட்டப்படி ஒப்புதலும் இருந்திருக்கலாம். ஆனால் வயல்வெளியில் கழிப்பறையும் ஓய்வும் இல்லாமையால் எழுந்த துன்பத்துக்கு உறுப்பை அகற்றுவதை மருந்தாகத் தந்த மருத்துவர், நோயைக் கண்டறியும் தம் முதற்கடமையைக் கைவிட்டவரே ஆவார்.

சிசேரியன் பற்றிய எண்கள் தமிழ்நாட்டுக்கு நேராகவே பொருந்துபவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 14.3 விழுக்காடும் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47.4 விழுக்காடும் அறுவை மூலம் நிகழ்ந்தன. தமிழ்நாட்டில் இவை முறையே 36 விழுக்காடும் 63.8 விழுக்காடும் ஆகும். ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டி உயர்வதால் தாய், சேய் இறப்பு குறைவதாகச் சான்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட நிலைப்பாடு. இவ்விகிதங்களைக் கொண்டு தனியொரு மருத்துவர் மீது குற்றம் சாட்ட முடியாது. நள்ளிரவில் மயக்கவியல் நிபுணர் கிடைக்காத சிறு மருத்துவமனையின் அச்சமும், வழக்குக்கு அஞ்சும் தற்காப்பு மனநிலையும், நல்ல நேரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்களும் இதற்குள் அடங்கும். எனினும் ஒரே மாநிலத்தின் தாய்மார்களின் உடல், மருத்துவமனையின் உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுபடுவதற்கு மருத்துவக் காரணம் மட்டுமே இருக்க முடியாது.

வருமானம் முடிவைத் தீண்டும் வழிகள் பல. நோயாளியை அனுப்பி வைக்கும் மருத்துவருக்கு அறுவைக் கட்டணத்தில் பங்கு தரும் வழக்கம், 'கட்' என்றும் கமிஷன் என்றும் துறைக்குள் எல்லோரும் அறிந்தது. 2002ஆம் ஆண்டின் தொழில்நெறி ஒழுங்குமுறைகள் அதனைத் தெளிவாகத் தடைசெய்தும் அது ஒழியவில்லை. 2017இல் மும்பையின் இதய மருத்துவமனையொன்று, தாங்கள் மருத்துவர்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்று விளம்பரப் பலகை வைத்தபோது, மருத்துவர் சங்கத்தினர் கமிஷனை விட்டுவிட்டு அந்தப் பலகையை எதிர்த்தனர். பெருநிறுவன மருத்துவமனைகளில் இச்சிக்கல் இன்னும் நுட்பமான வடிவம் கொள்கிறது: மருத்துவரின் ஊதியம் அவர் ஈட்டித் தரும் வருவாயோடு இணைக்கப்பட்டு, வெளிநோயாளிகளாக வந்தவர்களில் எத்தனை பேர் அறுவைக்கு ஒப்புக்கொண்டனர் என்பது மாதாந்தரக் கூட்டங்களில் கணக்கிடப்படுகிறது. அத்தகைய ஏற்பாட்டுக்குள் பணிபுரியும் இளம் மருத்துவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய ஒவ்வொரு தருணத்திலும் அவருடைய தராசு ஒரே பக்கம் சாயுமாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது.

பணத்தின் அழுத்தம் தனியார் துறைக்கு மட்டும் உரியது என்று கருதுவதும் பிழையாகும். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் அரசு நடத்திய குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில், ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். ஒரு நாளைக்கு 30 என்பதே விதி வகுத்த உச்சவரம்பு. அம்மாவட்டத்தில் அந்நாட்களில் நடந்த முகாம்களில் அறுவைக்குள்ளான 13 பெண்கள் இறந்தனர். அதே மருத்துவர் அவ்வாண்டுத் தொடக்கத்தில், 50,000 கருத்தடை அறுவைகள் செய்தமைக்காக மாநில அரசால் பாராட்டப்பட்டவர் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்குப் பரிசளித்த அரசு, எண்ணிக்கையால் நேர்ந்த சாவுக்கு ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமன்று; அதற்காக அந்த ஒருவரின் பொறுப்பும் இல்லாமல் போய்விடாது, ஏனெனில் முப்பதாவது அறுவையோடு கையுறையைக் கழற்றும் அதிகாரம் அவரிடமே இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது.

உறுப்பு மாற்று அறுவையில் நோயற்ற ஒருவரின் உடலும் கத்திக்கு உட்படுவதால், வேறெங்கும் இல்லாத அறச்சுமை மருத்துவர் மீது ஏறுகிறது. சிறுநீரக விற்பனையை 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தடைசெய்தது. அதன் பின்னரும் தொடர்ந்த விற்பனையின் விளைவை, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடத்தப்பட்டு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஐயமறக் காட்டியது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். விற்ற பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். இதைப் பிறருக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்றோர் 79 விழுக்காட்டினர். இறந்தோரிடமிருந்து உறுப்புப் பெறும் திட்டத்தில் 2008 முதல் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கிய தமிழ்நாட்டில், 2025இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியே விற்கப்பட்டது வெளிவந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் உறவினர் என்றோ அன்பால் தருபவர் என்றோ காட்டும் ஆவணங்கள் போலியாக இருக்கலாம். ஆனால் ஒருவருக்கொருவர் முகம் அறியாத இருவரை அடுத்தடுத்த மேசைகளில் காணும் மருத்துவக் குழு எதையும் உணராமல் இருக்கும் என நம்புவது கடினம்.

புதுமையின் பெயரால் நிகழும் மீறல்கள் வேறு வகையின. புதிய மருந்து சந்தைக்கு வரும் முன் பல கட்டச் சோதனைகளைக் கடக்க வேண்டும். புதிய அறுவை முறைக்கோ அத்தகைய வாயிற்காப்பு இல்லை. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிறு துளை வழியாகவும் ரோபோ கொண்டும் செய்யப்பட்ட அறுவை, வயிற்றைத் திறந்து செய்வதற்கு நிகரானது எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டு உலகெங்கும் பரவியிருந்தது. 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வோ, நான்கரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி வாழ்ந்தோர் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை அறுவையில் 86 விழுக்காடு எனக் காட்டியது. இங்கே எவரும் ஏமாற்றவில்லை. சோதிக்காமல் பரப்பியதே பிழை. 2010இல் உலகளவில் திரும்பப் பெறப்பட்ட உலோகச் செயற்கை இடுப்பு மூட்டு வகையொன்று, அதற்குள் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் அவ்வாறு பொருத்தப்பட்டவர்கள் 4,700 பேர் எனக் கணக்கிடப்பட்ட போதிலும், யார் யாருக்குப் பொருத்தப்பட்டது என்னும் பதிவேடு முறையாக இல்லாததால் அவர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. ஓர் அறுவையைப் புதிதாகக் கற்கும் மருத்துவர், இது தமக்கு எத்தனையாவது அறுவை என்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்னும் கேள்விக்கு இந்தியாவில் விதி எதுவும் விடை தருவதில்லை. கேட்கும் நோயாளிக்கு உண்மையைச் சொல்வதும், மூத்தவரின் மேற்பார்வையில் செய்வதைச் சொல்வதும் குறைந்தபட்ச நேர்மை. எவரும் கற்காமல் திறன் பெற முடியாது என்பது உண்மையாயினும், யார் உடலில் கற்கிறோம் என்பதை மறைப்பதற்கு அது உரிமம் தராது. தென் கொரியாவில், பெயர் பெற்ற மருத்துவரைக் காட்டிவிட்டு மயக்கத்துக்குப் பின் வேறொருவர் அறுவை செய்யும் வழக்கம் பரவியதைத் தொடர்ந்து, 2021இல் சட்டம் இயற்றப்பட்டு, 2023 செப்டம்பர் முதல் அறுவை அரங்குகளில் கண்காணிப்புக் கேமரா கட்டாயமாக்கப்பட்டது. துறை தன்னைத்தானே கண்காணிக்கத் தவறினால் இறுதியில் வந்து நிற்பது இயந்திரக் கண்ணே.

அருகிலிருந்தவர்களின் மௌனம் என்னும் சிக்கல் முழுமையாக வெளிப்பட்டது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில். 1988இல் அங்குப் பணியில் சேர்ந்த மயக்கவியல் நிபுணர் ஸ்டீஃபன் போல்சின், குழந்தைகளுக்கான இதய அறுவைகள் அளவுக்கு மீறி நீள்வதையும், குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் கண்டு, தாமே கணக்கெடுத்து நிர்வாகத்திடம் தெரிவித்தார். அறுவைகளோ 1995 வரை தொடர்ந்தன. 2001இல் வெளியான விசாரணை அறிக்கை, 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், மற்ற மருத்துவமனைகளில் எதிர்பார்க்கக்கூடியதற்கு மேலாக இறந்ததாக மதிப்பிட்டது. அந்த மருத்துவர்கள் தீயவர்கள் அல்லர், அக்கறை உடையவர்களே, ஆயினும் தம் முடிவுகளைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் எதிர்க்குரலுக்கு இடமும் அங்கு இல்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம். போல்சின் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று பணியாற்ற நேர்ந்தது. இயன் பேட்டர்சன் என்னும் மார்பக அறுவை மருத்துவரைப் பற்றி 2003இலேயே சகாக்கள் கவலை தெரிவித்திருந்தும், 2011இல்தான் அவர் நிறுத்தப்பட்டார். புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் அறுவை செய்ததற்காக 2017இல் சிறை சென்றார். பர்மிங்காமில் கல்லீரல் மாற்று அறுவை மருத்துவர் ஒருவர் நோயாளிகளின் கல்லீரலில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்ததும் ஆட்கள் நிறைந்த அரங்கில்தான் நடந்தது.

சுவீடனின் நிகழ்வு இன்னும் கசப்பானது. அறுவை மருத்துவர் பாவ்லோ மாக்கியாரினி, செயற்கை மூச்சுக்குழாயை மூலவுயிரணுக்களால் பூசிப் பொருத்தினால் அது உயிருள்ள உறுப்பாகும் என்று கூறி, கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 2011 முதல் மூவருக்கு அறுவை செய்தார். மூவரும் பின்னர் இறந்தனர். அங்கே பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் 2014இல் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் எழுதப்பட்டவை பதிவேடுகளோடு பொருந்தவில்லை எனப் புகார் அளித்தனர். கரோலின்ஸ்கா நிறுவனம் 2015இல் மாக்கியாரினியைக் குற்றமற்றவர் என அறிவித்தது. 2016இல் தொலைக்காட்சி ஆவணப்படம் வந்த பின்னரே அவர் நீக்கப்பட்டார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. புகார் அளித்தவர்களில் சிலரும் அக்கட்டுரைகளில் இணை ஆசிரியர்களாக இருந்தமையால் 2018இல் அவர்களும் கண்டிக்கப்பட்டனர் என்பது, மௌனம் ஏன் இவ்வளவு எளிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதை விளக்கப் போதுமானது.

மௌனம் தனிமனிதக் கோழைத்தனத்தால் மட்டும் விளைவதன்று. அறுவைத் துறையின் படிநிலை அதனைக் கற்பிக்கிறது. அமெரிக்க அறுவைத் துறையொன்றில் தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் சார்லஸ் போஸ்க், 1979இல் வெளியிட்ட நூலில், கைத்திறன் பிழையையும் கணிப்புப் பிழையையும் மூத்தவர்கள் மன்னித்துவிடுகிறார்கள், ஆனால் நேர்மைப் பிழையை, அதாவது நடந்ததை மறைப்பதையும் கடமையில் தவறுவதையும் மன்னிப்பதில்லை என்று கண்டார். இது உயர்ந்த நெறியே. ஆனால் அவர் காட்டிய இன்னொரு வகையும் உண்டு: மூத்தவர் விரும்பும் முறையில் தையல் போடாததும் ஒழுக்கக் குறையாகவே கருதப்பட்டது. கேள்வி கேட்பதே பண்பின்மை எனக் கற்ற இளையவர், மூத்தவரின் கை நடுங்குவதைக் கண்டாலும் வாய் திறப்பதில்லை. 2023இல் பிரிட்டிஷ் அறுவை இதழில் வெளியான ஆய்வில், பதிலளித்த பெண் அறுவை மருத்துவர்களில் 63.3 விழுக்காட்டினர் உடன் பணிபுரிவோரின் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகக் கூறியிருப்பதும் இதனோடு சேர்த்தே பார்க்கப்பட வேண்டியது. தம் மீதான அத்துமீறலையே சொல்ல முடியாத இடத்தில் நோயாளிக்கு நேரும் தீங்கை ஒருவர் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இந்தப் படிநிலையை உடைக்கவே முயன்றது. மயக்கத்துக்கு முன், தோலைக் கீறும் முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் எல்லோரும் கைகளை நிறுத்தி, நோயாளியின் பெயர், அறுவையின் பெயர், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, எண்ணிய பஞ்சுகள் சரியா என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்; குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லும் பகுதியும் அதில் உண்டு, ஏனெனில் ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறையும் திறப்பார். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த சோதனையில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகவும் குறைந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட பின் நடந்த ஆய்வோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. அறுவை முடிந்த பின் மொத்தமாகக் குறியிட்டு நிரப்பப்படும் பட்டியலால் எவ்வுயிரும் பிழைக்காது.

சட்டத்தின் பங்கு இவ்விடத்தில் வரம்புக்குட்பட்டது. இந்தியாவில் 1995இல் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வந்தது; 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவரைக் குற்றவியல் வழக்கில் இழுக்கக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என வரையறுத்தது. அவ்வரையறை தேவையானதே, ஒவ்வொரு சாவும் காவல் நிலையத்தில் முடியும் என்றால் கடினமான நோயாளியை ஏற்க எவரும் முன்வரார். ஆனால் தொழில்நெறிக் கண்காணிப்பு அந்த இடைவெளியை நிரப்பவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய நடத்தை விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே திரும்ப வந்தன. 2019ஆம் ஆண்டின் ஆணையச் சட்டம், மாநிலக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை மருத்துவருக்கே வெளிப்படையாக அளிக்கிறது. புகார் கொடுத்த நோயாளியை அது குறிப்பிடவில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே இருக்கிறது.

ஆகவே தனிமனிதர்களின் துணிவை நம்பியிராமல், உண்மை தானே வெளிவரும் ஏற்பாடுகளைத் தேட வேண்டியுள்ளது. இதற்கு நூறாண்டுக்கு முந்தைய முன்மாதிரி ஒன்று உண்டு. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் ஆமரி காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, வந்தபோது என்ன நிலை, என்ன செய்யப்பட்டது, ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை எனில் ஏன் என்று எழுதி வந்தார். தம் சிறிய மருத்துவமனையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையில் வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்ததை அவரே அச்சிட்டு வெளியிட்டார். மற்ற மருத்துவமனைகளும் அவ்வாறு செய்ய வேண்டும் என 1915இல் பொதுக்கூட்டத்தில் கேலிச்சித்திரம் வைத்து வாதிட்டதால் பதவிகளை இழந்தார். முடிவுகளை வெளியிடுவதிலும் ஆபத்து உண்டு. நியூயார்க் மாநிலம் 1990களில் பைபாஸ் அறுவை மருத்துவர்களின் இறப்பு விகிதத்தைப் பெயர் சொல்லி வெளியிட்டபோது, சிலர் ஆபத்தான நோயாளிகளைத் தவிர்க்கத் தொடங்கினர் என்னும் விமர்சனம் எழுந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு ஒப்பிடும் முறையும், மருத்துவரின் பெயருக்குப் பதில் மருத்துவமனையின் பெயரில் வெளியிடுவதும் அக்குறையைப் பெரிதும் தணிக்கும்.

இத்தகைய பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பிரசவத்தில் நேரும் ஒவ்வொரு தாய் இறப்பையும் தெரிவிக்கச் செய்து, தண்டிக்கும் நோக்கமின்றிக் காரணத்தை ஆராயும் முறையை 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இம்மாநிலம் வளர்த்தெடுத்தது. தாய் இறப்பு குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. அறுவைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் நேரும் இறப்புகளுக்கும் அதே முறையை விரிவாக்குவதற்குத் தேவையான தரவுகள், அறுவை வாரியாகப் பணம் வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கணினிகளில் பெருமளவு இப்போதே இருக்கின்றன. எந்த மருத்துவமனையில் எந்த அறுவை எத்தனை, அவற்றில் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களின் கருப்பை அகற்றம் எத்தனை, முப்பது நாட்களில் இறந்தோர் எத்தனை என்னும் மூன்று எண்களை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். 1938இல் தொடங்கப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள இந்திய அறுவை மருத்துவர் சங்கம், அரசின் ஆணைக்குக் காத்திராமல் தன் உறுப்பினர்களின் மருத்துவமனைகளிலிருந்து இப்பணியைத் தொடங்க வேண்டும்.